ஏரிக்கு அந்தக் கரையில் ஓர் அணி

ஞாயிறு காலை ஆறு மணிக்கு முன்னால் அம்பத்தூர் ஸ்டேஷனில் நின்றால் மூன்று வகைப் பைகளைப் பார்க்கலாம். காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிறவரின் வயர்க் கூடை ஒன்று. டியூஷனுக்கு ஓடும் பிள்ளையின் முதுகுப் பை இன்னொன்று. மூன்றாவது, வாயில் கயிறு போட்டு இழுத்துக் கட்டிய துணிப் பை. அதற்குள் ஒரு ஜோடி ஸ்டட்ஸ், கிழிந்த ஷின் பேடு, நேற்றைய சேறு. அன்று நான் அந்த மூன்றாவது பைக்குப் பின்னால்தான் ரயில் ஏறினேன்.

தேடிப் போன விஷயம் சற்று விசித்திரமானது. உலகக் கோப்பைக்கு வெளியே ஆடும் ஓர் அணி: தமிழீழ உதைபந்தாட்ட அணி. ஃபிஃபாவின் 211 உறுப்பினர்களில் அதற்கு இடமில்லை. வரைபடத்தில் அந்தப் பெயரில் நாடும் இல்லை. ஆனாலும் 2012இல் ஈராக்கின் குர்திஸ்தானிலும், 2014இல் ஸ்வீடனிலும், 2018இல் லண்டனிலும் அந்தப் பெயரோடு தமிழ்ப் பிள்ளைகள் களமிறங்கியிருக்கிறார்கள். கனடா, இங்கிலாந்து என்று சிதறிய குடும்பங்களின் பிள்ளைகள். அம்பத்தூருக்கும் அந்த அணிக்கும் நேரடி உறவு எதுவும் கிடையாது. ஆனால் ஈழத்திலிருந்து வந்தவர்கள் எங்கள் மேற்குப் புறநகரைச் சுற்றி நாற்பது வருடமாக வாழ்கிறார்கள். வளசரவாக்கத்திலும் போரூரிலும் வாடகை வீடுகள், புழலில் முகாம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் பந்து உதைக்கிறார்கள். அந்த அணியில் இவர்கள் ஏன் இல்லை என்று ஒரு கேள்வி வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

திருமுல்லைவாயல், அண்ணனூர், அடுத்து ஆவடி. பை வைத்திருந்த பையன்கள் இறங்க, நானும் இறங்கினேன்.

*

ஆவடி என்ற பெயரே பீரங்கி வண்டிக் கிடங்கின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆனது என்று இங்கே பலரும் சத்தியம் செய்வார்கள். அது ஊர்க் கதை. கதைக்குக் காரணம் இருக்கிறது: 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தபின் ஊரே அதன் சைரனுக்கு எழுந்து சைரனுக்குத் தூங்கியது. விஜயந்தா டாங்கிகள் இங்கிருந்துதான் வெளியே வந்தன. படையுடைத் தொழிற்சாலை, விமானப்படைத் தளம், மத்திய ரிசர்வ் போலீஸ் என்று தில்லிச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர். அதனால் ஆவடி மைதானத்தில் பந்து போகும் திசையை வைத்து மொழி மாறும். கோல் அடித்தால் தமிழ், தவறவிட்டால் மலையாளம், ஆஃப்சைடு சண்டை வந்தால் இந்தி.

அன்று ஒரு பக்கம் குவார்ட்டர்ஸ் பையன்கள், மறுபக்கம் பட்டாபிராமிலிருந்து வந்தவர்கள். புல் கிடையாது, செம்மண்தான். கோல் போஸ்டுக்கு வலை இல்லாததால் ஒவ்வொரு கோலுக்கும் ஒருவன் பந்தெடுக்க ரோடுவரை ஓட வேண்டியிருந்தது. ஓரத்தில் விசில் வைத்திருந்த பெரியவரிடம், பிள்ளைகள் எதற்காக இவ்வளவு வெறியாக ஆடுகிறார்கள் என்று கேட்டேன்.

"எல்லாம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குத்தான் சார். ஐ.சி.எஃப்., ரயில்வே, போலீஸ், இன்கம் டாக்ஸ். ஒரு நாலு வருஷம் லீக் ஆடினான்னா எங்கயாச்சும் உள்ள போயிடுவான்."

சென்னைக் கால்பந்தின் அடிப்படைக் கணக்கு அதுதான். இந்த ரயில் பாதையைச் சுற்றியே அதற்குச் சாட்சிகள் உண்டு. வில்லிவாக்கத்துக்கும் பெரம்பூருக்கும் நடுவில் ரயில் பெட்டித் தொழிற்சாலை. அங்கே வேலைக்கும் அணிக்கும் ஒரே வாசல். இன்னும் கிழக்கே வியாசர்பாடி. குட்டி பிரேசில் என்று பட்டம் வாங்கிய பேட்டை. அங்கே வளர்ந்த தனபால் கணேஷ் இந்திய அணிவரை போனார். வறுமை, சேறு, வலையில்லாத கோல் போஸ்ட், இவற்றையெல்லாம் தாண்டி ஒருவன் போய்விட முடியும் என்பதற்கு அவர் உதாரணம். ஆனால் அந்தக் கணக்கில் சொல்லாமலே விட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆடுகிறவன் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். ஆவடி மைதானத்தில் அதை யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை. யோசிக்கத் தேவையும் இல்லை.

*

ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. பருத்திப்பட்டு ஏரி இடது பக்கம் வந்து போனது. அந்த அரைமணி நேரத்தில் அணியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2012 ஜூனில் குர்திஸ்தானின் எர்பில் நகரில் 'விவா' உலகக் கோப்பை நடந்தது. ஃபிஃபாவில் இல்லாதவர்களுக்கான போட்டி. ஒன்பது அணிகள்: குர்திஸ்தான், வடக்கு சைப்ரஸ், மேற்கு சஹாரா, சான்சிபார், பிரான்சின் தென்பகுதியிலிருந்து இரண்டு, சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதியிலிருந்து ஒன்று, சூடானின் டார்ஃபூர், இவர்களோடு தமிழீழம். போட்டியை நடத்திய குர்திஸ்தானே வடக்கு சைப்ரஸை 2-1 என்று வென்று கோப்பையை எடுத்தது. அடுத்த ஆண்டு கொனிஃபா என்ற கூட்டமைப்பு உருவாகி, 2014இல் ஸ்வீடனின் ஒஸ்டர்சுண்டில் 12 அணிகளைக் கூட்டியது. 2018இல் லண்டனில் 16 அணிகள். அங்கே திபெத் ஆடியது. ஜப்பானில் வாழும் கொரியர்கள் ஆடினார்கள். பிரிட்டனில் குடியேறிய பஞ்சாபிகள் ஆடினார்கள். பத்தாயிரம் சொச்சம் பேர் மட்டுமே வாழும் துவாலு என்ற பசிபிக் தீவு நாடும் ஆடியது.

லண்டனில் தமிழீழம் இருந்த பிரிவில் எல்லன் வானின் என்றோர் அணி. மான் தீவுக்காரர்கள் தங்கள் மொழியில் வைத்துக்கொண்ட பெயர் அது. 2014இல் இறுதிப் போட்டிவரை போய்ப் பெனால்டியில் நீஸ் அணியிடம் தோற்றவர்கள். லண்டனில் எதிரணி வீரர் ஒருவரின் தகுதி பற்றித் தகராறு முற்றிப் பாதியிலேயே வெளியேறிவிட்டார்கள். ஃபிஃபாவுக்கு வெளியே போனாலும் விதிச் சண்டை கூடவே வரும் போலிருக்கிறது.

தமிழீழ அணி இந்தப் போட்டிகள் எதிலும் கோப்பைப் பக்கம் போனதில்லை. பெரிய தோல்விகள் உண்டு. வெவ்வேறு நாட்டில் படித்து, வெவ்வேறு கிளப்பில் ஆடி, விமான நிலையத்தில் கைகுலுக்கிச் சேரும் அணிக்கு அது ஆச்சரியமல்ல. வீட்டில் பேசும் தமிழ்தான் பொதுமொழி. சிலருக்கு அதுவும் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

உள்ளே யார், வெளியே யார் என்பதில் பந்தைவிடப் பாஸ்போர்ட்டுக்கே பங்கு அதிகம். டென்மார்க்கின் கீழுள்ள ஃபரோ தீவுகள் 1988இல் ஃபிஃபாவுக்குள் வந்துவிட்டன. 1990இல் ஆஸ்திரியாவை 1-0 என்று வீழ்த்தி உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தன. அதே டென்மார்க்கின் கீழுள்ள கிரீன்லாந்து கதவைத் தட்டியது. வட அமெரிக்கக் கூட்டமைப்பு 2025 ஜூனில் மறுத்துவிட்டது. சான்சிபாரை ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு 2017 மார்ச்சில் சேர்த்து ஜூலையில் நீக்கியது. நமக்கும் அந்த ருசி தெரியும். 2022 ஆகஸ்ட்டில், சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டு விழா முடிந்த கையோடு, நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று இந்தியாவை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. பத்துப் பன்னிரண்டு நாள் நாமும் வெளியேதான் நின்றோம். அடுத்த ஆண்டு இலங்கை ஏழு மாதம்போல வெளியே நின்றது.

*

பூந்தமல்லியில் இறங்கி ஒரு டீ குடித்தேன். பெங்களூர் பஸ்கள் ஊதிக்கொண்டு போகும் சாலை. வெளியூர்க்காரருக்குப் பூந்தமல்லி என்றால் பூவும் பிரியாணியும். ஈழத் தமிழருக்கு வேறு ஞாபகம். ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தடா நீதிமன்றம் இங்கேதான் இருந்தது. 1998 ஜனவரியில் 26 பேருக்கு மரண தண்டனை என்று தீர்ப்பு வந்ததும் இங்கிருந்துதான். பிறகு உச்ச நீதிமன்றம் அதில் பெரும்பாலானவற்றை மாற்றியது. அகதிகளை அடைத்துவைத்த சிறப்பு முகாமும் இந்த ஊரில் இருந்தது. அந்தக் கொலை நடந்த 1991 மே மாதத்துக்கு முன், பின் என்று தமிழ்நாட்டில் அவர்கள் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்ததை இந்த ஊர்ப் பெயரே சொல்லிவிடும்.

டீக்கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு மளிகைக் கடை. யாழ்ப்பாண மிளகாய்த்தூள் பாக்கெட் தொங்கியதைப் பார்த்து உள்ளே போனேன். கடைக்காரர் முகாமில் பதியாமல் வெளியே வாழ்கிறவர். கொனிஃபா பற்றிக் கேட்டதும் சிரித்தார்.

"எங்கட ஆக்களுக்கு ஊர் எண்டால்தான் ரோசம் வரும், தம்பி. ரொறொன்ரோவிலை மருமகன் ஊர்க் கழகத்துக்கு விளையாடுறான். பக்கத்து ஊரோடை மட்ச் எண்டால் அண்டைக்கு வேலைக்கும் போக மாட்டான்."

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் கழகம் என்றால் ஊர். இளவாலைக்கு யங் ஹென்றீசியன்ஸ், நாவாந்துறைக்கு சென் மேரிஸ், குருநகருக்குப் பாடும்மீன், ஊரெழுவுக்கு றோயல். இவை மோதும் இடம் துரையப்பா அரங்கு. 1975இல் சுட்டுக் கொல்லப்பட்ட மேயர் அல்ஃபிரட் துரையப்பாவின் பெயர் தாங்கிய மைதானம். 1999இல் அதைச் சீரமைக்கத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வந்தன. 2016இல் இந்திய அரசின் ஏழு கோடி ரூபாய் செலவில் புதுப்பித்து, தில்லியிலிருந்து காணொளியில் திறந்துவைத்தார்கள். ஒரு விளையாட்டு மைதானம் இத்தனையையும் சுமந்துகொண்டு இன்னமும் மைதானமாகவே இருக்கிறது.

நாம் ஃபுட்பால் என்கிறோம். பாடப்புத்தகத்தில் கால்பந்து என்று எழுதுகிறோம். அவர்களுக்கு அது உதைபந்தாட்டம். கடை வாசலில் நின்ற அவருடைய பேரன், ஏதோ ஸ்பானியக் கிளப்பின் பனியன் போட்டவன், "தாத்தா, டர்ஃப் புக் பண்ணணும், காசு குடு" என்று சுத்தமான போரூர்த் தமிழில் கேட்டான். இரண்டு தலைமுறையில் சொல் போய்விட்டது. உதை மட்டும் மிச்சம்.

*

மத்தியானம் அம்பத்தூருக்குத் திரும்பி, நண்பரின் வண்டியில் கள்ளிக்குப்பம் வழியாகச் சூரப்பட்டு ரோட்டைப் பிடித்தோம். எங்கள் ஊருக்கு வடக்கே புழல் ஏரி விரிந்து கிடக்கிறது. சென்னை குடிக்கும் தண்ணீர். ஏரியைச் சுற்றிக்கொண்டு போனால் அந்தக் கரையில் மத்திய சிறை, காவாங்கரை, அங்கே இலங்கைத் தமிழர் முகாம். 2021 ஆகஸ்ட்டில் முதல்வர் ஸ்டாலின் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தபோது அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார். தமிழ்நாடு முழுக்க நூற்றுச் சொச்சம் முகாம்களில் அப்போது 58 ஆயிரம் பேர்போல வாழ்ந்தார்கள். வீட்டிலிருந்து நான் வண்டியில் போன நேரம் அரைமணிக்கும் குறைவு. முப்பது வருடமாக அம்பத்தூர்க்காரன். இந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

அனுமதியில்லாமல் முகாமுக்குள் போக முடியாது. வெளியே ஒரு காலி மனையில் ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் ஏழு பேர், செவன்ஸ். முகாம் பையன்களும் தெருப் பையன்களும் கலந்து ஆடினார்கள். யார் யார் என்று பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இடது ஓரத்தில் ஆடிய ஒருவன், பதினேழு வயதிருக்கும், பந்தை வெளிக்காலால் தட்டி இரண்டு பேரை நிற்கவைத்துவிட்டுப் போனான். ஆவடியில் அன்று காலை பார்த்த யாரும் அவனுக்குப் பக்கத்தில் வர மாட்டார்கள்.

ஓரத்தில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தவர் அவனுடைய தாத்தா. மன்னார் தீவில் பேசாலை. 1990இல் படகேறி ராமேஸ்வரம் கரை, மண்டபம் முகாம், பிறகு புழல். மன்னார்க்காரர் என்றதும் பந்தைப் பற்றித்தான் பேச்சு. அந்தச் சின்னத் தீவில் கோயில் மணிக்கு அடுத்தபடி எல்லோருக்கும் கேட்கும் சத்தம் மைதானத்தின் விசில். மன்னாரில் பிறந்த டக்சன் பியூஸ்லஸ் இலங்கைத் தேசிய அணியில் ஆடினார். அங்கேயே தங்கியவர்களுக்கு அந்த வழி, கடினமானதென்றாலும், இருக்கிறது.

"நல்லா விளையாடுறானே, ஐயா. லீக்ல சேக்கலாமே?" என்றேன்.

"விளையாடுவான். பிறகு?" என்றார். கொஞ்ச நேரம் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "லீக் விளையாடினால் வேலை குடுப்பினம் எண்டு கோச்சர் சொன்னவர். என்ன பேப்பர் வேணும் எண்டு கேட்டுக்கொண்டு வா எண்டன். பிறகு அவன் அதைப் பற்றிக் கதைக்கேல்லை."

எனக்குச் சட்டம் கொஞ்சம் தெரியும். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் குடிமகன். அதற்குப் பிறகு பெற்றோரைப் பார்ப்பார்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, அந்தத் தேதியை வைத்தே பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார். இந்தப் பையனின் அப்பா 1990இலோ அதற்குப் பிறகோ வந்தவர், அம்மாவும் அப்படியே. பையன் பிறந்தது திருவள்ளூர் மாவட்டத்தில். 2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை இல்லை. 2025இல் மத்திய அரசு, பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு ஆவணமில்லாமல் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்தது. தண்டனை இல்லை, குடியுரிமையும் இல்லை. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்குகிறவர்கள் உண்டு. "அதோடை வெளிக்கிட்டால் திரும்பி இஞ்சை விடுவாங்களோ?" என்று பெரியவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

போனில் லண்டன் போட்டியின் படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இவையள் எந்த ஊர்?"

"கனடா, லண்டன்..."

"அதுதானே. பாஸ்போட் இருக்கிற பிள்ளையள்."

நான் வெகுநாள் தேடிய பதில் இவ்வளவுதான். நாடில்லாதவர்களின் அணியில் ஆடுவதற்கும் ஏதாவதொரு நாட்டின் பாஸ்போர்ட் வேண்டும். ஈழத்தின் பெயரால் ஆட மிகவும் உரிமையுள்ள பையன், ஈழத்துக்கு மிக அருகில் இருக்கிறான். அந்த அணிக்கு அவன்தான் ரொம்ப தூரம்.

*

இது மாற்ற முடியாத விதியும் அல்ல. எர்பிலில் ஆடிய டார்ஃபூர் அணியைச் சொன்னேன் அல்லவா? அவர்கள் அத்தனை பேரும் சாட் நாட்டின் கிழக்கு ஓரத்திலிருந்த அகதி முகாம்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். முதல் ஆட்டத்திலேயே வடக்கு சைப்ரஸிடம் 15-0 என்று தோற்றார்கள். ஆனால் போனார்கள். யாரோ மெனக்கெட்டுக் காகிதம் வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஸ்வீடனுக்கும் போனார்கள்.

இந்தியாவுக்குள்ளும் உதாரணம் இருக்கிறது. இங்கே வாழும் திபெத்தியருக்கு அடையாளச் சான்றிதழ் என்று மஞ்சள் அட்டைப் புத்தகம் ஒன்றை நம் அரசே தருகிறது. திபெத் அணியினர் 2001இல் கோபன்ஹேகனில் கிரீன்லாந்தோடு ஆடி 4-1 என்று தோற்றார்கள். எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. 2017இல் அவர்களுடைய பெண்கள் அணிக்கு அமெரிக்கா விசா மறுத்தது. இருந்தாலும் கையில் ஒரு புத்தகம் இருப்பவன் மறுக்கப்படுவதற்காவது வரிசையில் நிற்க முடிகிறது.

புத்தகம் இல்லாதவர்கள் வேறு வழி தேடுகிறார்கள். 2021 அக்டோபரில் தென்னிந்தியாவிலிருந்து கனடாவை நோக்கிப் புறப்பட்ட ஒரு மீன்பிடிப் படகு இந்தியப் பெருங்கடலில் தத்தளித்து டியேகோ கார்சியாவில் கரை சேர்ந்தது. உள்ளே 89 தமிழர்கள். இந்திய முகாம்களில் வாழ்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். அந்த ராணுவத் தீவில் மூன்று வருடம் அடைபட்டுக் கிடந்தபின், அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அந்தத் தீவுக்கும் ஓர் அணி உண்டு. படைத்தளத்துக்காக 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் வெளியேற்றப்பட்ட சாகோஸ் மக்களின் அணி. அதுவும் கொனிஃபாவில் இருந்தது. அவர்கள் இங்கிலாந்தின் க்ராலி நகரில் பயிற்சி செய்தார்கள், தங்கள் தீவில் அல்ல. தன் தீவில் ஆட முடியாத அணியும், தன் அணியில் ஆட முடியாத பிள்ளைகளும் ஒரே சிறு தீவில் வந்து முட்டியது தற்செயல்தான். எனக்கு அது தற்செயலாகத் தோன்றவில்லை.

தமிழீழ அணி அரசியலா, விளையாட்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை அவர்கள் முடித்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த இடது ஓரத்துப் பையனைப் பற்றித்தான் கவலை. அவன் தமிழீழத்துக்கு ஆட வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. திருவள்ளூர் மாவட்டத்துக்கு, தமிழ்நாட்டுக்கு, ஐ.சி.எஃப்.புக்கு ஆடட்டும். அதற்கு ஒரு காகிதம் வேண்டும். திபெத்தியருக்குத் தரத் தெரிந்த அரசுக்கு அதைத் தரவும் தெரியும். தரச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் ஏரிக்கு இந்தக் கரையில் இருக்கிற நாம்தான்.

இருட்டியதும் ஆட்டத்தை நிறுத்தினார்கள். எத்தனைக்கு எத்தனை என்று கேட்டேன். ஐந்துக்கு மூன்று. அவன் அடித்தது நான்கு.